உள்ளானின் தக்கை

ஓசூர்
8 ஜூன் 2025

பூங்குழலிக்கு,

கவரைப் பார்த்ததும் கோர்ட் நோட்டீஸோ என்று பயந்திருப்பாய். நான்தான், ரேகா. என் நம்பரை நீ பிளாக் செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கார்த்திகேசன் நம்பரிலிருந்து கூப்பிட்டேன், அதையும் பிளாக் செய்தாய். பாவம், அந்த மனுஷன் உனக்கு என்ன செய்தார், என்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர? அதனால்தான் கடிதம். இதில் ஒரு வசதி இருக்கிறது. போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழித்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பேசினார். இந்த வருஷத்தோடு உப்பளக் குத்தகையை விட்டுவிடப் போகிறாராம். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மழை பிடிப்பதற்குள் பாத்திகளையும் கொட்டகையையும் ஒப்படைக்க வேண்டும். கொட்டகையில் பாதி இடம் உப்பு மூட்டை, மீதி இடம் நம்முடைய உள்ளான். மூட்டை லாரியில் ஏறிப் போய்விடும். படகு எங்கே போகும்? உங்கள் வீட்டில் இடம் இல்லை. கரையில் வெயிலில் போட்டு வைத்தால் ஒரே கோடையில் அதன் கதை முடிந்துவிடும். என் வீடு மூன்றாவது மாடி.

விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். பாய்மரப் படகு கிளப்பில் கழித்துப்போட்டதை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கி, சேர்ந்து ஃபைபர் ஒட்டி, சேர்ந்து இறக்கிய படகு. உன் சம்மதம் இல்லாமல் விற்க எனக்கு உரிமை இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் விளம்பரத்தை முந்தாநாளே போட்டுவிட்டேன். பாய்மரப் படகுகளை விற்கிற, வாங்குகிற ஒரு குழுவில், மாநிலப் போட்டியில் நாம் இரண்டாவதாக வந்தபோது எடுத்த படத்தோடு போட்டிருக்கிறேன். "இருவர் ஓட்டும் பந்தயப் படகு. நன்றாகப் பராமரிக்கப்பட்டது." சரிதானே? பராமரிக்கிறாய்தானே?

இரண்டு பேர் விசாரித்தார்கள். உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். வந்தால் காட்டு. கொஞ்சம் சிரித்த முகத்தோடு காட்டு.

'அன்புடன்' என்று போட்டால் உனக்குக் கோபம் வரும். போடாமல் இருக்க எனக்கு வரவில்லை.

அன்புடன்,
ரேகா


மரக்காணம்
17 ஜூன் 2025

ரேகாவுக்கு,

கிழிக்கலாம் என்றுதான் எடுத்தேன். "பராமரிக்கிறாய்தானே" என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாய் பார், அதற்குப் பதில் சொல்லாமல் கிழிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

நான் இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சாயந்திரம் வேலை முடியும்போது உடைந்த கட்டிகள் மிச்சம் கிடக்கும். அதைக் கேனில் அள்ளி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு உங்கள் அப்பா கொட்டகைக்குப் போவேன். போய்ச் சேர்வதற்குள் பாதி உருகியிருக்கும். அதில்தான் தினமும் உள்ளான் குளிக்கிறது. "ஊர்ல குடிக்கிற தண்ணிக்கு கொழாயடியில மண்ட ஒடையுது, இவ மகாராணிக்கு ஐஸ் தண்ணி கேக்குது" என்று எங்கள் அம்மா திட்டாத நாள் இல்லை. சின்னப்பாப்பா என்று அம்மாவுக்குப் பெயர் வைத்தவர்கள் அதன் குரலைக் கேட்டிருக்கவில்லை.

உப்பளத்துக்கு நடுவில் வாழ்கிற படகு, ரேகா. காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஒரு வாரம் விட்டால் கப்பிகள் இறுகிவிடும், கம்பி துருப்பிடித்துவிடும். இரண்டு வருஷத்தில் ஒரு கப்பி கீச்சென்று சத்தம் போட்டதில்லை. பாய்களை மாதம் ஒருமுறை பிரித்து நிழலில் காயவைக்கிறேன். கையைக் கண்ணாடியில் வைத்ததுபோல அடிப்பாகம் வழுக்குகிறது. போதுமா?

நீ அனுப்பிய முதல் ஆள் வந்தார். கலியமூர்த்தி என்று பெயர், வானூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறாராம். பாய்மரத்தைத் தட்டிப் பார்த்தார். "இந்தக் கம்பத்தக் கழட்டிட்டு பின்னாடி ஒரு மோட்டார் மாட்டிக்கலாம் இல்லம்மா? குட்டையில பேரப்பசங்கள வச்சி சும்மா ஒரு ரவுண்டு அடிக்கலாம்" என்றார்.

நான் சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். "தாராளமா மாட்டிக்கலாங்க. ஆனா மோட்டார் வெயிட்டுக்கு இது குந்திக்கும். பேரப்பசங்களுக்கு நீச்சல் தெரியுங்களா?" என்று கேட்டேன். அவர் தண்ணீரில் இறக்கிக் காட்டச் சொன்னார். தக்கை இல்லை என்றேன்.

உண்மையாகவே இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. படகின் பின்பக்கம், அடியில் இருக்கிற ஓட்டையை அடைக்கிற தக்கை. கரையேறியதும் உள்ளே புகுந்த தண்ணீர் வடிவதற்காக அதைக் கழற்றுவது உன் வேலை, பாயைச் சுருட்டுவது என் வேலை. தொலையக் கூடாது என்று கழற்றியதும் உன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வாய். கடைசியாக ஓட்டிய அன்றும் மாட்டிக்கொண்டாய். அதே சாவிக்கொத்தோடு கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து உள்ளானின் பின்பக்கத்தில் ஒரு ஓட்டை.

வானூர்க்காரர் டீ குடித்துவிட்டுப் போனார். திரும்பி வரமாட்டார்.

பூங்குழலி


ஓசூர்
26 ஜூன் 2025

அடியே பூங்குழலி,

ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். பேரப்பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்கிறாயே, விற்கிறவள் கேட்கிற கேள்வியா அது?

தக்கை என்னிடம்தான் இருக்கிறது. பல்சக்கரம் செய்கிற கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. வாசலில் செக்யூரிட்டி தினமும் சாவிக்கொத்தைத் தூக்கிப் பார்த்து "இது இன்னா மேடம்?" என்று கேட்கிறார். தினமும் "படகு" என்று சொல்கிறேன். கார்த்திகேசன் ஒருநாள் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் அதை வைத்து அடைத்துப் பார்த்தார், சரியாகப் பொருந்தியது. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். அவர் இப்போது அதன் பக்கமே போவதில்லை.

ஆனால் பூங்குழலி, ஒரு தக்கைக்காகவா இரண்டு வருஷம் படகை இறக்காமல் வைத்திருக்கிறாய்? புதுச்சேரியில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்குமே. ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்.

அந்தச் சண்டையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உள்ளேயே கிடந்து உறுத்தும். தலைதீபாவளியை நம் ஊரில் வைக்காமல் மாமியார் வீட்டிலேயே வைத்தார்கள், நாற்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீ அதே வாரத்தில் போட்டிக்கு நம் பெயரைக் கொடுத்துவிட்டுக் கூப்பிட்டாய். முடியாது என்றேன். நீ கத்தினாய், நானும் கத்தினேன். "படகுதானே, ஓடியா போவுது" என்று சொன்னேன். அதற்குத்தான் பிளாக். போட்டிக்கு வராததைக்கூட மன்னித்திருப்பாய், அந்தப் "படகுதானே"வை மன்னிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

அடுத்த ஆள் ஒரு பெண், சிவசங்கரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி நடத்துகிறாராம். நல்லவிதமாகப் பேசினார். இவரையாவது விரட்டாதே.

அன்புடன்,
ரேகா


மரக்காணம்
9 ஜூலை 2025

ரேகா,

புதுத் தக்கை வாங்குவதாக இல்லை. ஏன் என்று கேட்காதே.

சிவசங்கரி அம்மா கார் விட்டு இறங்கும்போதே "ஸோ பியூட்டிஃபுல்" என்று சொன்னார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அப்புறம்தான் விஷயம் வந்தது. விடுதி வாசலில் படகை நட்டுவைத்து, உள்ளே மண்ணைக் கொட்டி, போகன்வில்லா வளர்க்கப் போகிறாராம். பாயில் 'நல்வரவு' என்று எழுதுவாராம். நான் படகின் மேல் கையை வைத்துக்கொண்டேன். உங்கள் அப்பா பக்கத்தில்தான் உப்பு வாரிக்கொண்டிருந்தார். பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "ஏம்மா, இது ஓடற படகும்மா. தொட்டி வேணும்னா சிமெண்டுல கட்டிக்கோங்க" என்று சொன்னார். அவர் ஒருநாளும் கடலில் கால் நனைத்தவர் இல்லை. அன்றைக்கு எனக்காகப் பேசினார்.

இதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டு பேர் வந்து வாங்காமல் போனது எங்கள் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. அண்ணன் சுரேஷும் அம்மாவும் உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நான் வேலைக்குப் போன சமயம் கொட்டகைக்குப் போயிருக்கிறார்கள். சாயந்திரம் ஐஸ் கேனோடு போய்க் கதவைத் திறந்தால், உள்ளானைக் காணவில்லை. அந்த இடத்தில் நீலமும் மஞ்சளுமாக ஏதோ ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

பெயிண்ட் அடித்துவிட்டார்கள், ரேகா. அண்ணன் படகுக்கு வாங்கி மிஞ்சிய எனாமல் பெயிண்ட். அடிப்பாகம் முழுக்க நீலம், ஓரத்தில் மஞ்சள் பட்டை, முன்னால் இரண்டு பக்கமும் இமையோடு கண். பின்னால் 'கங்கையம்மன் துணை'. எங்கள் தெருவில் எந்தப் படகை விற்றாலும் முதலில் பெயிண்ட் அடித்துத்தான் விற்பார்கள். "வெள்ளையா மொட்டையா நின்னா எவன் வாங்குவான்? இப்ப பாரு, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குது" என்று அண்ணன் கேட்டான். கை முழுக்க நீலம். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பந்தயப் படகின் அடியில் தூசு ஒட்டினாலே வேகம் குறையும் என்று அவனுக்கு யார் சொன்னது? நான் சொன்னதே இல்லை.

அவனைத் திட்ட முடியவில்லை. அம்மா ஈரமாக இருந்த கண்ணுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்து பாத்தி வரப்பில் உட்கார்ந்து அழுதேன். ஐஸ் எல்லாம் கேனிலேயே உருகிப்போய்விட்டது.

பூங்குழலி


ஓசூர்
18 ஜூலை 2025

என் பூங்குழலி,

முதலில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். இமையோடு கண் என்று படித்ததும் அடக்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதாய் என்ற இடத்துக்கு வந்தபோது எனக்கும் அழுகை வந்தது. கார்த்திகேசன் பயந்துபோய் "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "உள்ளானுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டாங்க" என்றேன். அவருக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் என்று புரியவில்லை. ஆனால் டீ போட்டுக் கொடுத்தார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இதில் நான்தான் கெட்டிக்காரி, நாள் முழுக்க வழவழப்பைத் தடவிப் பார்ப்பதுதான் என் சம்பளம். தனியாகப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், உப்புத்தாள். மூன்று கட்டாகக் கட்டியிருக்கிறேன். சிவப்பு நூல் சுற்றியது சொரசொரப்பானது, அதில் ஆரம்பி. கறுப்பு நூல் அடுத்தது. வெள்ளை நூல் கடைசி. தண்ணீர் தொட்டுத் தேய். அவசரப்பட்டு ஒரே இடத்தில் அழுத்தாதே, பள்ளம் விழும். பழைய வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடு. சுரேஷ் அண்ணனைத் திட்டாதே. நம் படகுக்கு இதுவரை யாரும் கண் வரைந்ததில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கம்பெனி பஸ் ஒரு மேம்பாலத்தில் வளைந்து ஏறும். எல்லாரும் ஒரு பக்கம் சாய்வார்கள், என் உடம்பு மட்டும் தானாக எதிர்ப்பக்கம் சாயும். படகு சாய்ந்தால் கம்பியில் தொங்கி வெளியே சாய்ந்து நிமிர்த்த வேண்டும் இல்லையா, நீ பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு "வெளிய போ, வெளிய போ" என்று கத்துவாயே. இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் எனக்கு உன் குரல் கேட்கிறது. இதை நான் யாரிடம் சொல்ல முடியும்?

அன்புடன்,
ரேகா


மரக்காணம்
5 ஆகஸ்ட் 2025

ரேகாவுக்கு,

பார்சல் வந்தது. சிவப்பு நூலில் ஆரம்பித்தேன். கை தோல் உரிந்துவிட்டது. ஒரு கண் போக நான்கு சாயந்திரம் ஆனது. அண்ணன் அவ்வளவு அழுத்தமாக மை தீட்டியிருக்கிறான். விஷயம் தெரிந்ததும் பாவம், அவனும் வந்து ஒரு பக்கம் தேய்த்துக் கொடுத்தான். 'கங்கையம்மன் துணை'யை மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதை நான்தான் அழித்தேன், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

பாதி நீலமாக, பாதி வெள்ளையாகக் கிடந்த சமயத்தில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். பெரிய முதலியார்சாவடிக்காரர்கள். ஒருத்தி லூர்துமேரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னொருத்தி ஜெயப்ரியா, தையல் கடை வைத்திருக்கிறாள். புதுச்சேரியில் இரவல் படகில் பழகினார்களாம். உன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேண்டுமென்றே மோசமாகச் சொன்னேன். "இப்ப பாக்கற நிலைமைல இல்லீங்க, அடுத்த மாசம் வாங்க" என்றேன்.

லூர்துமேரி குனிந்து அடிப்பாகத்தை உள்ளங்கையால் தடவினாள். ஜெயப்ரியாவைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்கள். "அக்கா, தாள் இன்னும் இருக்குதா?" என்று லூர்துமேரி கேட்டாள். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருட்டும்வரை தேய்த்தார்கள். மறுநாளும் வந்தார்கள். மூன்றாவது நாள் கறுப்பு நூல் முடிந்தது. தேய்த்துக்கொண்டே சண்டை போடுகிறார்கள், ரேகா. போன போட்டியில் எந்த முனையில் யார் தாமதமாகத் திரும்பினார்கள் என்று ஒரே சண்டை. "நீ லேட்டு", "நீதான் லேட்டு". நான் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜெயப்ரியா பாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஓரத்தில் தையல் விட்ட இடத்தை என்னைக் கேட்காமலே தைத்துக் கொடுத்துவிட்டாள். உள்ளான் இப்போது முழு வெள்ளை. இவர்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

சரி என்று சொல்லிவிட்டேன். நீயும் சரி என்றுதான் சொல்வாய்.

ஆனால் ஒன்று. எங்கள் தெருவில் படகு விற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதன்முதல் அதைத் தண்ணீரில் இறக்கியவர்கள்தான் கடைசியாக ஒருமுறை ஓட்டிக் கரையேற்றி, வாங்குகிறவர் கையில் கயிற்றைக் கொடுக்க வேண்டும். அண்ணன் பழைய படகை விற்றபோது, அவனோடு பேச்சே இல்லாத மச்சானைக்கூட சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். உள்ளானை இறக்கியது நாம் இரண்டு பேர்.

வா. வரும்போது தக்கையையும் கொண்டு வா.

பூங்குழலி


ஓசூர்
13 ஆகஸ்ட் 2025

பூங்குழலிக்கு,

லூர்துமேரியும் ஜெயப்ரியாவும் வந்ததைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. சரி என்று நீ சொன்ன பிறகு எனக்கு வேறு என்ன? அவர்களுக்கே கொடுத்துவிடு.

ஆனால் நான் வருவது கஷ்டம். கம்பெனியில் ஆடிட் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்கள். இன்னொன்று, நான் வந்துதான் என்ன ஆகப்போகிறது? இரண்டு வருஷமாகக் கம்பியைத் தொடவில்லை. உடம்பும் போட்டுவிட்டது, நீ பார்த்தால் கேலி செய்வாய். உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஓட்டிக் கொடுத்துவிடு. வாங்குகிறவர்களுக்கு யார் ஓட்டினால் என்ன?

தக்கையை இன்று கூரியரில் போட்டுவிட்டேன். பத்திரமாகச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். சாவிக்கொத்து ஒரு பக்கம் லேசாகிவிட்டதுபோல இருக்கிறது. செக்யூரிட்டி இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ரேகா


மரக்காணம்
20 ஆகஸ்ட் 2025

ரேகா,

கூரியரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பிரிக்கவில்லை. கையில் வாங்கியபோது உள்ளே தக்கை உருண்டது, அதுவே போதும் என்று கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஏன் புதுத் தக்கை வாங்கவில்லை என்று கேட்டாயே, சொல்கிறேன். வாங்கிப் போட்டால் படகு யாரை வைத்து வேண்டுமானாலும் ஓடும். நீ இல்லாமலும் ஓடும். அது எனக்கு வேண்டாம்.

விற்பதில் வருத்தம்தான். ஆனால் என் பயம் அது இல்லை. நாம் பேசாமல் இருந்த ஒன்றரை வருஷமும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. பாதிப் படகு அவளுடையது, என்றைக்காவது அதைக் கேட்டுக்கொண்டாவது வருவாள் என்று நினைத்துக்கொள்வேன். தினமும் ஐஸ் தண்ணீர் ஊற்றியது படகுக்காக மட்டும் என்றா நினைக்கிறாய்? நீ வந்து பார்க்கும்போது ஒரு துருகூட இருக்கக் கூடாது என்றுதான். நீயும் கடைசியில் அதற்காகத்தான் எழுதினாய். படகை விற்க வேண்டும் என்றுதானே முதல் கடிதம்?

இன்னும் சில நாளில் அது பெரிய முதலியார்சாவடிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு உனக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது? எதைச் சாக்கு வைத்து நீ எனக்கு எழுதுவாய்? பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்புவாய், அப்புறம் அதுவும் நின்றுவிடும். எல்லாச் சிநேகிதிகளுக்கும் நடப்பதுதான். நமக்கும் நடக்கும் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

வரமாட்டாய் என்றால் பரவாயில்லை. ஆனால் அண்ணனோடு ஓட்டிக் கொடு என்று மட்டும் சொல்லாதே. உள்ளானில் உன் இடத்தில் வேறு ஆளை நான் ஏற்றமாட்டேன்.

பூங்குழலி


ஓசூர்
26 ஆகஸ்ட் 2025

பூங்குழலி,

திரும்பி வந்த பார்சலைப் பிரித்துத் தக்கையைச் சாவிக்கொத்தில் மாட்டிவிட்டேன். ஆடிட் அதுபாட்டுக்கு நடக்கட்டும். செப்டம்பர் ஏழு, ஞாயிறு காலை திண்டிவனம் வழியாக வருகிறேன். கார்த்திகேசனும் வருகிறார். அவருக்கு நீச்சல் தெரியாது, கரையில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவை.

உடம்பு போட்டிருக்கிறேன் என்று முன்பே எழுதிவிட்டேன். கேலி செய்தால் கம்பியை விட்டுவிடுவேன்.

ரேகா


மரக்காணம்
10 செப்டம்பர் 2025

அடியே ரேகா,

தக்கை எங்கே?

நீங்கள் ஞாயிறு சாயந்திரம் பஸ் ஏறிய பிறகு லூர்துமேரியும் ஜெயப்ரியாவும் உள்ளானை வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். நான் நன்றாகத்தான் இருந்தேன். கயிற்றை அவர்கள் கையில் கொடுத்தபோது நீ என் முதுகில் கை வைத்திருந்தாய், அதனால் அழவில்லை. வண்டி உப்பளச் சாலையில் திரும்பி மறைந்த பிறகு கொட்டகைக்குள் போனேன். தரையில் படகு இருந்த இடம் மட்டும் உப்புப் படியாமல் சுத்தமாக இருந்தது. அங்கே கொஞ்சம் அழுதேன். உங்கள் அப்பா பார்த்தும் பார்க்காததுபோல மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை லூர்துமேரி போன் செய்தாள். "அக்கா, எறக்கலாம்னு வந்தோம். தக்கை எங்கக்கா? படகுல இல்லியே" என்றாள். மணலில் தேடினேன், கொட்டகையில் தேடினேன், அண்ணன் சட்டைப் பையைக்கூடத் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது. கரையேறியதும் யார் கழற்றியிருப்பார்கள்?

அவர்களைக் காக்கவைக்க முடியுமா? புதுச்சேரிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் வாங்கமாட்டேன் என்று வீம்பு பிடித்தேன், கடைக்காரர் ஆணியில் தொங்கியதை எடுத்துச் சாதாரணமாகக் கையில் கொடுத்துவிட்டார். நேற்று அவர்கள் ஓட்டினார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். நம் அளவுக்கு இல்லை. ஆனால் வரும், வந்துவிடும்.

கார்த்திகேசனைப் பற்றி நான் நினைத்திருந்ததை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ கம்பியில் தொங்கியபோது அந்த மனுஷன் எழுந்து நின்று "ரேகா விழுந்துடப் போறா" என்று கத்தினாராம். அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்து இறால் வறுவலை வாயில் திணித்ததாம். "மாப்ள தங்கம்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீ உடம்பு போட்டது நல்லதுதான், படகு நிமிர்ந்து ஓடியது. இது கேலி இல்லை.

உன் நம்பர் பிளாக்கை எடுத்துவிட்டேன். அதற்காகப் போன் செய்துவிடாதே, கடிதம் எழுது. பழைய தக்கை படகோடு போகவில்லை, அதனால் அது இன்னும் நம்முடையது. பாதி என்னுடையது. திருப்பிக் கொடு.

அன்புடன்,
(ஆமாம், போட்டுவிட்டேன்)
பூங்குழலி


ஓசூர்
19 செப்டம்பர் 2025

என் பூங்குழலிக்கு,

செஞ்சி தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பையில் கை விட்டேன், தக்கை கையில் வந்தது. சத்தியமாக மறதிதான். கரையேறியதும் கை தானாகப் போய்க் கழற்றியிருக்கிறது. படகு இனி நம்முடையது இல்லை என்று கைக்கு யாரும் சொல்லவில்லை.

கார்த்திகேசன் பார்த்துவிட்டு "எறங்கி, திரும்பப் போய் குடுத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். எதிர்ப்பக்கம் திண்டிவனம் பஸ் நின்றுகொண்டிருந்தது, உட்கார இடமும் இருந்தது. வேண்டாம் என்று சொன்னேன். அது மறதி இல்லை.

நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, இதுதான் இருக்கிறது. இனிமேல் கூரியரில் அனுப்பமாட்டேன், அனுப்பினால் திருப்பி அனுப்புகிறவள் நீ. நீ ஒவ்வொரு கடிதத்திலும் தக்கை எங்கே என்று கேள். நான் ஒவ்வொரு கடிதத்திலும் இல்லாத சாக்கை எல்லாம் எழுதுகிறேன். வேண்டும் என்றால் ஓசூருக்கு வந்து வாங்கிக்கொண்டு போ. இங்கே கடல் இல்லை. ஆனால் அந்த மேம்பாலத்தில் உன்னை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகிறேன். வளைவு வரும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து "வெளிய போ" என்று கத்து. இந்த ஊர்க்காரர்களும் ஒருமுறை கேட்கட்டும்.

தீபாவளிக்கு வா. மாமியார் வீட்டு நாற்பது பேரும் இருப்பார்கள், உன்னைக் காட்டி, இவளால்தான் நான் பிளாக் ஆனேன் என்று சொல்ல வேண்டும்.

வரும்போது அம்மாவிடம் நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு வா. நன்றாகக் கட்டி எடுத்துவா. பஸ்ஸில் யாராவது நாற்றம் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லாதே.

அன்புடன்,
ரேகா